கஞ்சிக்கு உப்புப் போட்டது யார்

அந்த வருடம் நோன்பு கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது. மேற்கே வயல்வெளிகளைத் தாண்டி அனலை அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. உதடு வெடிக்கும், ஆண்கள் உடுக்கும் சாரத்தைக் கொடியில் போட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் ஊரே வாளியும் கையுமாகக் கஞ்சிக்கு நிற்கும். எங்கள் வீடு பள்ளிக்கு அடுத்த வளவு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் கஞ்சிக் கிடாரமும் அதைக் கிண்டுகிறவரின் வியர்வையும் தெரியும்.

அந்த வருடக் கஞ்சி உப்பாக இருந்தது. தொடக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நோன்பு திறந்த கையோடு கஞ்சியைக் குறை சொல்வது எங்கள் ஊரில் பழக்கமில்லை. சில நாள் போனதும் பொறுமை போனது. கஞ்சி காய்ச்சுகிறவருக்கு வயது போய்விட்டது, போட்டதை மறந்து திரும்பவும் உப்புப் போடுகிறார் என்று கதை பரவியது. அவர் லேசுப்பட்ட ஆளில்லை. உப்புப் போத்தலைக் கொண்டுபோய்ப் பள்ளி நிர்வாகத்தாரின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“இந்தாங்க, இத நீங்களே வெச்சிக்கங்க. இண்டைக்கு ஒரு கல்லும் போடாமக் காய்ச்சிறன். குடிச்சிப் பாத்திட்டுக் கதைங்க.”

அன்றைய கஞ்சியும் உப்பாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர் உப்புப் போடுவதையே விட்டுவிட்டார். பள்ளிக் கிணறே போட்டுவிடுகிறது, தனக்கு ஒரு வேலை மிச்சம் என்றார். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கிணறும் உப்பாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளித் தலைவர் ஒலிபெருக்கியில் கதைத்தார். கல்முனையில் பெரிய கடை வைத்திருப்பவர், ஹஜ் செய்தவர், ஊரில் எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கிணற்றில் உப்பு ஏறியதற்குக் காரணம் காலநிலை மாற்றம், கடல் உயர்ந்து நிலத்துக்குக் கீழால் வந்துகொண்டிருக்கிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும் என்று சொன்னார். வீட்டு முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர் யாரை யோசிக்கச் சொல்கிறார் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது.

என் மகளை அவருடைய இளைய மகனுக்குப் பேசி முடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு உரியது. என் உம்மா இந்த வீட்டை எனக்குத் தந்தார், நான் என் மகளுக்குக் கொடுப்பேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஹாஜியார் ஆளனுப்பிச் சொன்னது இதுதான்: கலியாணத்தில் மாற்றமில்லை, ஆனால் வீடு மெயின் ரோட்டுக்கு மேற்கே இருக்க வேண்டும், கடல் வருகிற இடத்தில் மகனை விட முடியாது.

என் கணவர் மருதமுனைக் கைத்தறிச் சாரம் வாங்கி விற்பவர். எதையும் நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வீட்டை வாங்க ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கே சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“கடல் வருது எண்டா எவ்வளவு வந்திரிக்கி? எப்ப இருந்து வருது? ஆரு பாத்த?” என்று கேட்டேன்.

“டீவியில சொல்லுறாங்கதானே.”

“டீவி நம்மட கிணத்தையா காட்டின?”

கோபம் வந்தால் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். “டீச்சர், இது வகுப்பில்ல. புள்ளட வாழ்க்கை” என்றார்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள். பூமி சூடாகிறது என்பதை நம்பாதவள் இல்லை. காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைப்பதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். கடல் உயர்வதை அளக்கிறவர்கள் அளந்து சொல்கிறார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. என் கேள்வி சின்னது. இந்தக் கிணற்றில் இருக்கும் இந்த உப்பு எங்கே இருந்து வந்தது? ஒரு பெரிய உண்மையை எல்லாச் சின்னக் கேள்விக்கும் விடையாகச் சொல்லத் தொடங்கினால், பிறகு யாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதுவரை சும்மா இருந்த மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வாப்பா, வீட்ட வித்தாலும் கிணறு இஞ்சதானே இரிக்கும். வாங்குறவங்க என்னத்தக் குடிப்பாங்க?”

அவர் எனக்கு ஒரு தவணை தந்தார். மாரி மழை விழும்வரை பொறுப்பார். அதற்குள் நான் என் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

முதல் வேலையாக ஊர்ப் பெண்களிடம் விசாரித்தேன். முன்பு பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். அந்த நாளில் நோன்புக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம், தேனாக இனிக்கும், கஞ்சி வாசம் தெருக்கோடி வரை வரும், இப்போது பாருங்கள் என்றார்கள். என் சொந்த நினைவும் அதையேதான் சொன்னது. கலியாணமான புதிதில் நோன்பு திறக்கும்போது உம்மா நீட்டும் குளிர்ந்த தண்ணீரின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்போது இனித்த தண்ணீர், இப்போது வாயில் வைக்க முடியாத தண்ணீர், அதுவும் அதே நோன்பு மாதத்தில். இடையில் என்னவோ பெரிதாக மாறியிருக்க வேண்டும். ஹாஜியார் சொன்னது சரிதானோ என்று எனக்கே மனம் தளர்ந்தது.

பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று, வழக்கம்போல பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் கொண்டு போனேன். எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை கல்முனை மெதடிஸ்தக் குடும்பத்தவர், என் நீண்ட காலத் தோழி. அவர் சாப்பிடச் சாப்பிட நான் என் கிணற்றுப் புராணத்தை ஒப்பித்தேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“டீச்சர், அப்ப உங்கட நோன்பு இந்த வெயிலுக்கயா வந்த?”

“எப்ப?”

“நீங்க சொல்லுற அந்தக் காலத்திலதான். என்ட மூத்தவன் பிறந்த வருசம் நினைவிருக்கா? நான் நத்தார் கேக் கொண்டு உங்கட வீட்ட வந்தன். நீங்க பெருநாள் வட்டிலப்பம் தந்தீங்க. ரெண்டும் ஒரே கிழமை. ரோட்டெல்லாம் வெள்ளம். சாரியத் தூக்கிக்கொண்டு, கேக் நனையாம குடையப் புடிச்சிக்கொண்டு வந்தன்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், ஒவ்வொரு வருடமும் மார்கழியில்தான் வரும். நோன்பு அப்படியில்லை. பிறை பார்த்து வரும் மாதம் அது, ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கும். நாங்கள் இளம் பெண்களாக இருந்தபோது நோன்பு மாரியின் நடுவில் விழுந்தது. மழை கொட்டிக் கிணறு விளிம்பு வரை நிறைந்திருக்கும், தண்ணீர் இனிக்காமல் என்ன செய்யும்? இப்போது அதே நோன்பு நகர்ந்து நகர்ந்து கச்சானின் நடுவில் வந்து நிற்கிறது. மாரிக் கிணற்றைக் கோடைக் கிணற்றோடு ஒப்பிட்டுக் கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறோம்.

நோன்பு நகரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நினைவைப் போட்டு வைக்கும் பெட்டியின் மேலே நாங்கள் எழுதி வைப்பது நோன்பு, ஹஜ்ஜுப் பெருநாள் என்றுதான். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் மழையைக் கவனிப்பதில்லை. இந்தப் பிழையை எங்களைத் தவிர வேறு யாரும் விட்டிருக்க முடியாது, அதைப் பிடிக்க நத்தார் கொண்டாடுகிற ஒருத்திதான் வரவேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் நான் சத்தமாகச் சிரித்த சிரிப்பில், வட்டிலப்பம் புரைக்கேறிவிட்டதென்று அவர் என் முதுகில் தட்டினார்.

ஒப்பிடுவதென்றால் கச்சானோடு கச்சானை ஒப்பிட வேண்டும். அன்று பின்னேரம் முழுக்க மூளையைக் கசக்கினேன். சின்ன வயதில் ஆவணி விடுமுறையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளித்தது நினைவு வந்தது. சவர்க்காரம் நுரைக்கவே நுரைக்காது. தலை காய்ந்ததும் முடி கயிறு மாதிரி நிற்கும், உம்மா சீப்போடு என்னைத் துரத்துவார். ஆகவே கச்சான் காலத்தில் அந்தத் தண்ணீர் அப்போதும் கொஞ்சம் உப்புக் கரிக்கும் சவர்தான். அந்த வருடங்களில் நோன்பு அந்த மாதங்களில் வராததால் யாரும் அதைக் கஞ்சியில் ருசி பார்க்கவில்லை.

வெற்றி என்று கணவரிடம் சொன்னேன். அவர் சாரக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்பயும் இப்பிடி வாயில வெக்க ஏலாம இருந்த?”

நல்ல கேள்வி. எரிச்சலாக இருந்தாலும் நல்ல கேள்வி. இல்லை, சவர்க்காரம் நுரைக்காவிட்டாலும் அப்போது அந்தத் தண்ணீரைக் குடித்தோம். பருவகாலம் கொஞ்ச உப்புக்குத்தான் பொறுப்பு. மிச்ச உப்புக்கு வேறு யாரோ பொறுப்பு.

எங்கள் ஊரே மணல்மேல் இருக்கிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும், ஆறிய கஞ்சியின்மேல் ஆடை மிதப்பது மாதிரி. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்த ஆடையைத்தான். வாளியால் மெல்ல அள்ளினால் ஆடை வரும். ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். கடல் உயர்ந்தாலும் உப்பு ஏறும், அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினாலும் ஏறும். நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே தடயத்தை விட்டுப் போகாது.

பள்ளியைப் பெருப்பித்துக் கட்டியபோது கிணற்றில் பெரிய மோட்டர் ஒன்று பூட்டினார்கள். கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப அது நாள் முழுக்க ஓடும். நோன்பு மாதத்தில் இரவு தறாவீஹ் தொழுகைக் கூட்டத்துக்காக இன்னும் கூடுதலாக ஓடும். எங்கள் வீட்டுக் கிணறு அதிலிருந்து ஒரு மதில் தள்ளித்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை நானும் மகளும் கணித ஆசிரியையும் வெறும் போத்தல்களோடு கடற்கரையிலிருந்து மெயின் ரோடு வரை நடந்தோம். வழியில் இருந்த கிணறுகளில் எல்லாம் தண்ணீர் எடுத்தோம். கடைசி வீட்டையும் தாண்டி, கரைவலை இழுக்கும் மீனவர்கள் தங்கும் வாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. அலை அடித்தால் சத்தம் அந்தக் கிணற்றுக்குள் எதிரொலிக்கும். இன்றைக்கும் வாளியால்தான் அள்ளுகிறார்கள்.

அதிபரின் அனுமதியோடு பாடசாலை ஆய்வுகூடத்தில் உப்பை அளக்க நியமிப்புச் செய்தோம். தண்ணீரில் சில துளி குரோமேற்று விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். அதில் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பு மிச்சம் இருக்கும்வரை வெள்ளையாகக் கலங்கும், உப்பு முடிந்ததும் திடீரென்று செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். எவ்வளவு சொட்டுக் குடிக்கிறதோ அவ்வளவு உப்பு. பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டே போனது, எங்கள் வீட்டுத் தண்ணீரும் சளைக்கவில்லை. வாடிக் கிணறு சீக்கிரமே சிவந்துவிட்டது. கடலுக்கு மிகக் கிட்ட இருந்த கிணறு எங்கள் கிணற்றைவிட எவ்வளவோ நல்ல தண்ணீர்.

கடல் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் முதலில் வாடிக் கிணற்றைத்தானே தாண்டி வரவேண்டும்? மகள் கூம்புக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் அவளை அதட்டவில்லை, எனக்கும் சுற்ற வேண்டும்போலத்தான் இருந்தது.

கணவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“அந்த மோட்டர் ஆரு குடுத்த எண்டு மறந்திட்டியா?”

மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். சுனாமியில் ஹாஜியார் தன் தம்பியையும் தம்பி குடும்பத்தையும் பறிகொடுத்தவர். பள்ளிக்கு வருகிறவர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்யும் ஒவ்வொரு கைத் தண்ணீரின் நன்மையும் தம்பிக்குப் போய்ச் சேரட்டும் என்று, தம்பியின் பேரில் ஸதக்காத் தர்மமாகக் கொடுத்தது அந்த மோட்டர்.

“அதக் குத்தம் சொல்லிப்போட்டு அவர்ட மகன நம்மட வீட்டுக்கு எடுக்கப் போறியா?” என்றார். அவர் பயந்தது எனக்காகவும்தான் என்று அன்று விளங்கவில்லை.

ஆனாலும் போனேன். கணவரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். ஹாஜியாரின் வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி வந்தது, நான் தொடவில்லை. கிணறு கிணறாகச் சொல்லி முடித்தேன். அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“டீச்சர், கடல் வராதெண்டு எனக்கிட்டச் சொல்ல வேணா.”

சுனாமி வந்த அந்தக் காலையை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை.

“வராதெண்டு நான் சொல்லல்ல ஹாஜியார். வந்திச்சி, நாம எல்லாரும் பாத்தம். இன்னமும் உயருது எண்டுதான் நானும் படிப்பிக்கிறன். ஆனா இந்தக் கிணத்துல இரிக்கிற உப்பு அந்தக் கடல் கொண்டு வந்த உப்பா, நாம உறிஞ்சி எடுத்த உப்பா எண்டுதான் கேக்கிறன். கேட்டுப் பாக்க ஒரு வழி இரிக்கி. மழைக்கு முந்திக் கொஞ்ச நாள் மோட்டர நிப்பாட்டுங்க. கடல்தான் காரணமெண்டா மோட்டர் நிண்டாலும் உப்பு அப்பிடியே இரிக்கும். மோட்டர்தான் காரணமெண்டா உப்பு இறங்கும். இறங்கல்ல எண்டா நானே வீட்டு உறுதியில கையெழுத்து வெக்கிறன். அங்கால ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்.”

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

“உளூவுக்குத் தண்ணி?” என்றார் ஹாஜியார்.

“பைப் தண்ணியத் தாங்கிக்கு விடுங்க. காணாட்டி வாளி இரிக்கி.”

அவர் வியாபாரி. ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார். முடிவைப் பள்ளி முற்றத்தில், எல்லாருக்கும் முன்னால் பார்க்க வேண்டும். போத்தல்களை அவரே நிரப்புவார், எது எந்தக் கிணறு என்று எனக்குச் சொல்ல மாட்டார்.

என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது, என்மேல் நம்பிக்கையில்லை என்று நினைத்தார். எனக்கோ அந்தக் கிழவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. சோதிக்கிறவளுக்கே தெரியாமல் சோதிப்பதைவிட நல்ல சோதனை எது? இதை நான் கேட்டிருக்க வேண்டும், அவர் முந்திக்கொண்டார். மோட்டரை நிறுத்தும் முன்பே பள்ளிக் கிணற்றிலும் வாடிக் கிணற்றிலும் ஒவ்வொரு போத்தல் நிரப்பி, மூடிக்கு மேலே மெழுகு உருக்கி ஊற்றி, தன் கடையில் பூட்டி வைத்தார்.

மோட்டர் நின்றது. தெரு திடீரென்று அமைதியானது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்துக்குள்தான் வாழ்ந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் கிழமை எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தேன், பெரிதாக மாற்றமில்லை. மகளிடம் சொல்லாமல் உம்மாவின் அறைக்குள் போய் நின்று சுவரைத் தடவிப் பார்த்தேன். எனக்கு நிறையப் பயமாக இருந்தது. அடுத்த கிழமை வாயில் ஊற்றிப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆசை பிடித்த நாக்கை நம்பக் கூடாது என்று துப்பிவிட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம், பருவம் தப்பி ஒரு மழை கொட்டிவிட்டுப் போனது. ஊர் முழுக்க மழையைக் கொண்டாடியது, நான் மட்டும் அதைத் திட்டினேன்.

“போச்சு. இனி உப்பு இறங்கினாலும் மழைதான் இறக்கின எண்டு சொல்லுவாங்க” என்றார் கணவர். அவருடைய குரலில் முதல் தரமாக என் பக்கத்துக் கவலை கேட்டது.

“அந்த மழை வாடிக் கிணத்துலயும்தானே பெய்ஞ்ச?” என்றேன். “மழை இறக்கினா ரெண்டையும் ஒரே மாதிரி இறக்கணும். மோட்டர் இறக்கினா நம்மட பக்கம் மட்டும்தான் பெரிசா இறங்கும்.”

“அப்ப அதுக்கெண்டுதான் அந்தக் கிணத்தயும் சேத்த?” என்று கேட்டார். ஓம் என்றேன். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் என் பாடத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

முடிவு பார்க்கும் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்து வேம்பின் கீழே மேசை போட்டார்கள். கச்சானில் சொட்டு விடும் கண்ணாடி அளவி ஆடாமல் மகள் அதன் தாங்கியைப் பிடித்துக்கொண்டாள். கணித ஆசிரியை குடையைக் காற்றுக்கு மறைப்பாக விரித்துப் பிடித்தார், இந்தத் தரம் மழைக்கில்லை என்று சொல்லிச் சிரித்தார். ஆண்கள் முற்றத்தில், பெண்கள் எங்கள் மதிலுக்கு மேலால். கஞ்சி காய்ச்சுகிறவர் கை கட்டி முன் வரிசையில் நின்றார். ஹாஜியார் ஒரே மாதிரி மெழுகு பூசிய நாலு போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் அவருக்கு மட்டும் விளங்கும் ஒரு கோடு.

முதல் போத்தல் சீக்கிரமே சிவந்தது. இரண்டாவது விடாமல் குடித்தது. சொட்டு விழ விழ வெள்ளையாகக் கலங்கியதே தவிர நிறம் மாற மறுத்தது, கடைசியில் ஒருபடியாகத்தான் சிவந்தது. மூன்றாவதும் முதலாவது மாதிரிச் சீக்கிரம் முடிந்தது. நாலாவதற்கு விடத் தொடங்கினேன். அது முதலாவது, மூன்றாவது அளவுக்கு நல்லதில்லை, ஆனால் இரண்டாவது குடித்ததில் பாதிகூடக் குடிக்காமல் சிவந்துவிட்டது.

“சொல்லுங்க ஹாஜியார், எது எது?” என்றேன்.

அவர் விரலை வைத்து வைத்துச் சொன்னார். முதலாவது வாடிக் கிணறு, முன்பு எடுத்தது. மூன்றாவது வாடிக் கிணறு, இன்று எடுத்தது. மழைக்கு அது பெரிதாக மாறவேயில்லை. இரண்டாவது பள்ளிக் கிணறு, மோட்டர் ஓடியபோது. கடைசியைச் சொல்லாமல் அதன் மிச்சத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தார். முற்றம் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

“சவர் குறைஞ்சிட்டு” என்றார். “இது நம்மட கிணறு. இண்டைக்குக் காலையில நானே அள்ளின.”

மதிலுக்கு மேலால் யாரோ குரவை போட்டார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் குரவையா என்று யாரும் கண்டிக்கவில்லை. என் மகள் அளவியை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் கணவர் கூட்டத்தைப் பார்த்து, இரசாயனம் என்றால் என்னவென்று தானே கண்டுபிடித்தவர் மாதிரி விளக்கத் தொடங்கிவிட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தரமாவது எல்லாரும் பார்க்க நான் சொன்னது சரி என்று நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதும் இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன்.

ஹாஜியார் மட்டும் உளூச் செய்யும் ஹவுழ்த் தொட்டியின் கட்டில் போய் உட்கார்ந்தார். நான் கிட்டப் போனேன்.

“அப்ப தம்பிட மோட்டர்தான் கிணத்தக் கெடுத்த?”

“மோட்டர் கெடுக்கல்ல. நாம அத ஓட்டின ஓட்டந்தான் கூட. கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் ஆற விட்டு, பைப் தண்ணியையும் கலந்தா கிணறும் இரிக்கும், தம்பிட நன்மையும் இரிக்கும்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உளூத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

“கடல்?” என்றார்.

“கடல் உயருது. அது நம்மட கிணத்துக்கு எவ்வளவு செய்யுது எண்டு எனக்குத் தெரியா. மோட்டர் சத்தம் ஓஞ்சாத்தானே கடல்ட சத்தம் கேக்கும்? ஒவ்வொரு வருசமும் ஒரே கச்சானுல, மோட்டர ஆற விட்டு அளந்துகொண்டு போனாத் தெரியும். ஆனா நோன்ப வெச்சி எண்ண ஏலா. நத்தார வெச்சித்தான் எண்ணணும்.”

கணித ஆசிரியை குடையை மடக்கிக்கொண்டே, அதற்குத் தான் வருடாவருடம் கேக் கொண்டு வருவதாகச் சொன்னார். ஹாஜியார் அன்று முதல் தரமாகச் சிரித்தார்.

மாரி முடிந்து கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார், நானும் கணவரும் பின்பக்க அறைக்கு மாறினோம். அடுத்த நோன்பு பத்துப் பதினொரு நாள் முந்தி, அதே கச்சானுக்குள்தான் வந்தது. ஒப்பிட அதைவிட நல்ல நோன்பு கிடைக்காது. முதல் நாள் கணவர் பள்ளியிலிருந்து கஞ்சி வாளியோடு வந்தார். பள்ளியில் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்து ஒரு வாய் குடித்தேன், பிறகு கணவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

“உப்பில்ல” என்றார்.

கிணறு போடும் என்று கஞ்சி காய்ச்சுகிறவர் இந்த வருடமும் ஒரு கல் உப்புப் போடவில்லை. கிணறும் போடவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது, ஹாஜியாரின் குரல் கேட்டது. இன்றைய கஞ்சிக்கு எல்லாரும் வீட்டிலேயே உப்புப் போட்டுக்கொள்ளட்டாம், நாளைக்குக் கிடாரத்திலேயே போட்டுத் தருவார்களாம்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊர் முழுக்கச் சப்பென்ற கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். மாப்பிள்ளை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் முழித்தார். என் மகள் எழும்பித் தன் வீட்டு அடுப்படிக்குப் போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தாள்.